கோட்டைத் தடிமனாக்கி வாங்கின ஒன்பது மார்க்

ரெண்டாம் வருஷம் பிசிக்ஸ் படிக்கும்போது ஒரு அசைன்மென்டுக்கு பத்துக்கு ஒன்பது வாங்கினேன். மூணு வருஷம் ஆகப்போகுது, அந்த ஒன்பது இன்னும் செருப்புக்குள்ள மாட்டின கல்லு மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கு. கம்மியா போட்டுட்டாங்கன்னு இல்ல, போட்டதுதான் பிரச்சனை. அத பத்தி எழுதணும்னு எத்தனையோ தடவ உக்காந்து, நாலு வரி எழுதிட்டு மூடி வச்சிருக்கேன், ஏன்னா எங்க ஆரம்பிச்சாலும் கடைசில அப்பாவோட பஞ்சாங்கத்துல போய் நிக்குது, அது எப்படி அங்க போகுதுன்னு எனக்கே சரியா சொல்ல வரல. இன்னிக்கு முயற்சி பண்றேன்.

அப்பா ஓதுவார். திருநெல்வேலி பக்கத்துல இருந்து தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பன்ல ஒரு கோயிலுக்கு வந்தப்போ எனக்கு ஒன்பது வயசு. சாட்ஸ்வொர்த்துல வீடு. இங்க தமிழங்கன்னா 1860-ல ட்ரூரோ கப்பல்ல ஆரம்பிச்சு மெட்ராஸ்ல இருந்து வந்து கரும்புத் தோட்டத்துல இறங்கினவங்களோட பேரன் பேத்திகளுக்குப் பேரன் பேத்திகள். காவடி எடுப்பாங்க, தேவாரம் பாடினா கண்ணு கலங்குவாங்க, ஆனா வீட்டுல பேச்சு இங்கிலீஷ்தான். அதனால தமிழ் எனக்கு அப்பா அம்மாகிட்ட மட்டும் பேசுற பாஷை, பிசிக்ஸ் வெளிய போய் படிக்கிற பாஷைன்னு ரெண்டு பெட்டியா தனித்தனியா இருந்துச்சு. கோடிங்னு ஒண்ணு நடுவுல வந்து ரெண்டு பெட்டியையும் ஒரே நாள்ல கவுத்துப் போடும்னு நினைக்கல.

எங்க கோர்ஸ்ல கம்ப்யூட்டர் சிமுலேஷன் ஒரு தனி மாட்யூல். எல்லாம் பைத்தான்ங்கிற புரோகிராம் பாஷையில. அதுக்கு முன்னாடி நான் ஒரு வரி கோட் எழுதினதில்ல, கிளாஸ்ல பாதிப்பேர் அப்படித்தான். அதனால சொல்லிக்குடுக்கிறவங்க ஒரு வழி வச்சிருந்தாங்க. ரெடிமேடா கம்ப்யூட்டர்லயே திறக்கிற ஒரு நோட்புக் வரும், பத்து வரியில ஏழு வரி எழுதியிருக்கும், மூணு வரி காலியா இருக்கும், அந்த மூணை நிரப்பணும். கோடிட்ட இடத்தை நிரப்புக. அஞ்சாங்கிளாஸ்ல தமிழ்ப் பரீட்சைக்கு எழுதின மாதிரியே. நிரப்பி ஓட்டினா படம் வரும், அந்தப் படம் புத்தகத்துல இருக்கிற படம் மாதிரி இருந்தா மார்க். அவங்க மேலயும் முழுசா தப்பு சொல்ல முடியாது, நூத்தம்பது பேரோட நோட்புக்கை ரெண்டு பேர் திருத்தணும்னா படத்தைத்தான் பாக்க முடியும்.

அசைன்மென்ட் ரொம்ப சிம்பிள். சூரியன் நடுவுல, பூமி சுத்தணும். மூணு காலி வரி: முடுக்கத்தைக் கணக்குப் பண்ணு, பழைய வேகத்தை வச்சு நிலையை நகத்து, பழைய முடுக்கத்தை வச்சு வேகத்தை மாத்து. இதுதான் ஆய்லர் முறை, பதினெட்டாம் நூற்றாண்டு சமாச்சாரம். ஒரு அடி எடுத்து வைக்கிறதுக்கு ஒரு நாள்னு போட்டு ஓட்டினேன். எரர் எதுவும் வரல, சிவப்பு எழுத்து ஒண்ணும் இல்ல, எனக்கு ஒரே பெருமை. படம் வந்துச்சு. பூமி சுத்துச்சு, சுத்திக்கிட்டே வெளிய போச்சு. கொசுவர்த்திச் சுருளை உள்ள இருந்து வெளிய பாத்த மாதிரி. நாலு வருஷம் ஆகுறப்போ செவ்வாயோட பாதைக்கே போயிடுச்சு, பத்து வருஷத்துல சூரியன்ல இருந்து இருக்க வேண்டிய தூரத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நான் தப்பா டைப் பண்ணிருப்பேன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒவ்வொரு கமாவா பாத்தேன். தப்பே இல்ல. குடுத்த செய்முறைப்படி அச்சு அசலா எழுதியிருந்தேன்.

அப்புறம் என்ன பண்ணேன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரையே. அடியை ஒரு நாள்ல இருந்து ஒரு மணி நேரமா குறைச்சேன். பத்து வருஷத்துக்குப் பதிலா ஒரே ஒரு வருஷம் மட்டும் ஓட்டினேன். இப்போ சுருள் இல்ல, வட்டம் கிட்டத்தட்ட மூடிடுச்சு, ஆரம்பிச்ச இடத்துக்கும் முடிஞ்ச இடத்துக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி. அது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. அதனால கோட்டோட தடிமனை 3-னு மாத்தினேன். இடைவெளி காணாமப் போச்சு. அழகான நீல வட்டம். அனுப்பிட்டுத் தூங்கினேன். ஒரு வாரம் கழிச்சு பத்துக்கு ஒன்பது. ஒரு மார்க் எதுக்குக் குறைச்சாங்கன்னா கிராஃப் அச்சுல யூனிட் எழுதலையாம்!

எப்படித் தெரியும் உனக்கு

எங்க டியூட்டர் ஒருத்தர் இருந்தார், ஜூலு ஆளு, பிஎச்டி பண்ணிக்கிட்டிருந்தார், கேப் டவுன்ல இருக்கிற லெங்காவ் சூப்பர் கம்ப்யூட்டர்ல ஏதோ ரேடியோ அலை சிமுலேஷன் ஓட்டுவார். லெங்காவ்னா செட்ஸ்வானா பாஷையில சிவிங்கிப்புலியாம். ஓடுறது சிவிங்கி வேகம், க்யூல நிக்கிறது ஆமை வேகம்னு அவரே கிண்டல் பண்ணுவார். அவர் எந்தப் படத்தைக் காட்டினாலும் ஒரே ஒரு கேள்விதான் கேப்பார்: இது சரின்னு எப்படித் தெரியும் உனக்கு? அவ்வளவுதான். பையன்க அவருக்கு அதையே பட்டப்பேரா வச்சிருந்தாங்க. என் வட்டத்தையும் பாத்தார். அதே கேள்வி. புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கேன்னு சொன்னேன். சிரிச்சுட்டு, அப்போ புத்தகத்தையே ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருக்கலாமே, எதுக்கு லேப்டாப்புன்னு கேட்டுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டார். எனக்குக் காது சூடாயிடுச்சு. கோடு தடிமனை அவர் கவனிச்சாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, கேக்கவும் தைரியம் வரல.

லேப்ல ஊசல் ஆட்டி அளந்தா தப்பு தப்பாவே தெரியும். நூல் முறுக்கிக்கும், கை நடுங்கும், ஸ்டாப்வாட்சை லேட்டா அமுக்குவோம், அதனால பிழை எவ்வளவுன்னு எழுதாம ரெக்கார்டு நோட்டை வாங்கவே மாட்டாங்க. ஆனா கம்ப்யூட்டர் பத்து தசம ஸ்தானத்துக்குத் துல்லியமா தப்பைச் சொல்லும், முகத்துல ஒரு சலனமும் இருக்காது. லேப் ரெக்கார்டுல பிழைக்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொன்ன அதே டிபார்ட்மென்ட், சிமுலேஷன் அசைன்மென்ட்ல ஒரு வரி கூடக் கேக்கல. இது எனக்கு அப்பவும் புரியல, இப்பவும் புரியல.

லோட் ஷெடிங் ராத்திரி

அது 2023, முறை வச்சு ஏரியா ஏரியாவா கரண்டை நிறுத்தின வருஷம். இங்க இருந்தவங்களுக்கு அந்த வருஷத்தைப் பத்தி விளக்கவே வேண்டாம். போன்ல ஆப்பைத் திறந்து இன்னிக்கு எத்தனாவது ஸ்டேஜ், எப்போ கரண்ட் போகும்னு பாத்துட்டுத்தான் அம்மா அரிசியே ஊற வைப்பாங்க. அடுத்த அசைன்மென்டுக்கு வியாழனையும் சேத்து பல வருஷம் ஓட்டணும், இந்தத் தடவ தடிமன் வித்தை பலிக்காது, வியாழன் ஒரு சுத்து வரவே கிட்டத்தட்ட 12 வருஷம். அடியைக் குறைச்சுக் குறைச்சு, ஓட விட்டுட்டு உக்காந்திருந்தேன். லேப்டாப் பேட்டரி ஏற்கனவே செத்தது, ஒயர்லதான் உயிர் இருந்துச்சு. எட்டு மணிக்குக் கரண்ட் போச்சு. நடுவுல சேமிச்சு வைக்கிற பழக்கமெல்லாம் அப்போ எனக்கு இல்ல. நாலு மணி நேர ஓட்டம், மொத்தமும் போச்சு.

வீட்டுல ஒரே ஒரு சார்ஜ் லைட்டு. சாப்பாட்டு மேஜையில அதை வச்சுக்கிட்டு அப்பா பஞ்சாங்கத்தைப் பிரிச்சு உக்காந்திருந்தார். ஊர்ல இருந்து வர்ற பஞ்சாங்கம் இந்திய நேரத்துல இருக்கும், நாம மூணரை மணி நேரம் பின்னாடி. வாரா வாரம் கோயில் போர்டுக்கு திதி நேரத்தையெல்லாம் மூணரை கழிச்சு நோட்டுல பென்சிலால எழுதுவார். நான் அதே வெளிச்சத்துக்கு இந்தப் பக்கமா உக்காந்து, கோபத்துல, சரி, கம்ப்யூட்டர் பண்றதை நானே கையால பண்ணிப் பாக்கிறேன்னு ஆரம்பிச்சேன். பூமி சூரியன் கையால போடக் கஷ்டம். அதனால ஒரு ஸ்பிரிங். இழுத்து விட்ட தூரம் 1, வேகம் 0, ஒரு அடி 0.1. தூரத்தோட வர்க்கத்தையும் வேகத்தோட வர்க்கத்தையும் கூட்டினா சக்தி மாதிரி ஒரு எண் கிடைக்கும், நிஜ ஸ்பிரிங்ல அது மாறவே கூடாது, எப்பவும் 1-ஆ இருக்கணும்.

முதல் அடி: தூரம் 1, வேகம் கழித்தல் 0.1. கூட்டினா 1.01. ரெண்டாவது அடி: தூரம் 0.99, வேகம் கழித்தல் 0.2. கூட்டினா 1.0201. மூணாவது: 0.97, கழித்தல் 0.299, கூட்டினா 1.030301. இது என்னடா இவ்வளவு அழகா வருதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். அப்பா தலையைத் தூக்கி என் பேப்பரைத் தலைகீழா பாத்துட்டு, "என்னட்டி இது, வட்டிக்கணக்கா?"ன்னார்.

"வட்டியா? இல்லப்பா, ஸ்பிரிங்."

"ஸ்பிரிங்கோ என்னமோ. நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, கூட்டு வட்டி. ஒண்ணு, ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஒண்ணு, அப்புறம் வட்டிக்கு வட்டி. எழுபது மாசத்துல முதலு ரெட்டிப்பாயிரும்."

எங்க தாத்தா கடன் வாங்கி வயலை விட்ட கதை எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம், அப்பாவுக்கு அந்தக் கணக்கு ரத்தத்துல ஊறினது. நான் அப்படியே உக்காந்துட்டேன். ரெண்டு வரி இயற்கணிதம் போட்டுப் பாத்தேன், ஆமா, ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கூட்டுத்தொகை 1.01 மடங்காகும், தோராயமா இல்ல, அச்சு அசலா. அடி 0.1-னா அதோட வர்க்கம் 0.01, அதுதான் வட்டி விகிதம். எழுபது அடியில ரெட்டிப்பு. அதாவது என் பூமி வெளிய போனது டைப்பிங் தப்பாலயும் இல்ல, கம்ப்யூட்டர் ரவுண்ட் பண்ற தப்பாலயும் இல்ல. பூமிக்கும் வட்டி விகிதம் ஸ்பிரிங் மாதிரி சீரா இருக்காது, ஆனா குணம் அதேதான், அந்தச் செய்முறையே ஒவ்வொரு அடியிலயும் சூரியன்கிட்ட கடன் வாங்கிக்கிட்டிருந்துச்சு. அடியைக் குறைச்சா வட்டி குறையும், கடன் தீராது. நான் பண்ணின வேலை என்னன்னா வட்டியைக் குறைச்சு, வசூலுக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி கதவைச் சாத்தினது.

அதே பேப்பர்ல, சும்மா, ரெண்டு வரியை இடம் மாத்திப் போட்டேன். முதல்ல வேகம், அப்புறம் அந்தப் புது வேகத்தை வச்சு தூரம். கூட்டுத்தொகை 0.9901. அடுத்தது 0.9807. குறையுதே, இது வேற மாதிரி தப்பா இருக்கேன்னு நினைச்சு, விடாம போட்டுக்கிட்டே போனேன். இருவது அடிக்குள்ள திரும்ப ஏறி 1-ஐத் தொட்டு, தாண்டி, இன்னும் சில அடி போனதும் மறுபடி இறங்க ஆரம்பிச்சுச்சு. எத்தனை சுத்து போனாலும் அது தோராயமா 0.95-க்கும் 1.05-க்கும் நடுவுலயே ஊஞ்சலாடும்னு அப்புறம்தான் கணக்குப் போட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சக்தி சரியா காப்பாத்தப்படல. ஆனா சக்திக்குப் பக்கத்து வீட்டுல ஒண்ணு இருக்கு, அந்தக் கூட்டுத்தொகையில இருந்து தூரம், வேகம், அடி மூணையும் பெருக்கிக் கழிச்சா வர்ற எண், அது மட்டும் எள்ளளவும் மாறாது. நம்ம உலகத்துக்குச் சுமாரான விடை குடுக்கிற புரோகிராம்னு நினைச்சேன், பாத்தா அது கொஞ்சமே கொஞ்சம் வேற மாதிரியான ஒரு உலகத்துக்குக் கனகச்சிதமான விடை குடுத்துக்கிட்டிருக்கு. பத்து மணிக்குக் கரண்ட் வந்துச்சு. நான் லேப்டாப் பக்கமே போகல.

இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல, இதுக்குப் பேர் ஆய்லர்–குரோமர் முறை. 1981-ல ஆலன் குரோமர்னு ஒரு பேராசிரியர் எழுதின கட்டுரையில இருந்து அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. அந்த இடமாற்றத்தை அவர்கிட்ட கொண்டு வந்ததே ஒரு ஹைஸ்கூல் பொண்ணுதானாம். அது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்ல.

ரெண்டு சனிப்பெயர்ச்சி

அன்னிக்கு ராத்திரி அப்பா எழுதிக்கிட்டிருந்த பக்கத்துல ஒரு விஷயம் கவனிச்சேன். திதிக்கு மூணரை கழிச்சவர் ராகுகாலத்துக்குக் கழிக்கல. ஏம்ப்பான்னு கேட்டேன். "திதி சந்திரனும் சூரியனும் விலகுற கணக்கு, உலகத்துக்கே ஒரே சமயத்துல நடக்குது, கடிகாரம்தான் வேற. ராகுகாலம் இங்க சூரியன் உதிக்கிறதை வச்சு. அதை எதுக்குக் கழிக்கணும்?" எவ்வளவு தெளிவு பாருங்க. எந்த எண் எதைச் சார்ந்ததுன்னு பிரிச்சுப் பாக்கிறதை ஒரு செமஸ்டர் முழுக்க எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரல. அப்பாவும் ஒரு இடத்துல சமரசம் பண்ணிக்கிட்டுத்தான் இருந்தார். திங்கக்கிழமை ஏழரை ஒம்பதுன்னு காலண்டர்ல போட்டிருக்கிறதை அப்படியே போர்டுல எழுதிடுவார். அது ஆறு மணிக்கு உதிச்சு ஆறு மணிக்கு அடையுற சூரியனுக்கு. டர்பன்ல டிசம்பர்ல காலைல அஞ்சுக்குள்ள விடிஞ்சிரும், சாயங்காலம் ஏழு வரைக்கும் வெளிச்சம்.

அந்த வருஷம் கோயில் போன் ஓயவே இல்ல. பஞ்சாங்கத்துல ரெண்டு வகை, திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17-லயே முடிஞ்சிருச்சு, வாக்கியப்படி டிசம்பர் 20-க்குத்தான், திருநள்ளாறு வாக்கியம்தான். ஒரே சனி, ஒரே கும்பம், நடுவுல பதினோரு மாசம். மெதுவா நகர்ற கிரகம், ஒரு ராசியைக் கடக்கவே ரெண்டரை வருஷம், அதனால ஒரு பாகை பிசகினாலே சராசரியா ஒரு மாசம் தள்ளிப் போகும், நடுவுல பின்னாடி போற மாதிரி தெரியுற வக்கிரம் வேற குழப்பும். பக்கத்து வீட்டு ஆயா எங்கிட்டயே கேட்டாங்க, நீ சயின்ஸ் படிக்கிறியே, எது கரெக்டுன்னு. வானத்துல இருக்கிறதுக்குக் கிட்ட இருக்கிறது திருக்கணிதம்னு சொன்னேன். அப்பா குறுக்க வரல. அப்புறமா தனியா, "வாக்கியத்துல எவ்வளவு பிசகு, எங்க பிசகுன்னு தெரியுமா உனக்கு?"ன்னார். தெரியாது. அந்த டியூட்டர் கேள்விதான், வேற வாயில இருந்து.

அதுக்காகத்தான் தேட ஆரம்பிச்சேன். வாக்கியம்னா நிஜமாவே வாக்கியம். எழுத்துக்கு எண் குடுத்து, சந்திரன் ஒவ்வொரு நாளும் எங்க இருக்கும்னு மனப்பாடம் பண்ற மாதிரி வரிகளா கட்டி வச்சிருக்காங்க, மொத்தம் 248 வரி, ஏன்னா சந்திரன் பூமிக்குக் கிட்ட வந்து விலகிப் போற சுத்து ஒம்பது முடிய கிட்டத்தட்ட சரியா 248 நாள். சூரியன் எப்படி இழுக்குது, பூமி எப்படி இழுக்குதுன்னு ஒரு விசையும் அதுல கிடையாது. சிமுலேஷனே இல்ல, வெறும் அட்டவணை. ஆனா அந்தச் சுத்து திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருதுங்கிறதைப் பிடிச்சுக்கிட்டதால, என் பூமி மாதிரி நாலு வருஷத்துல செவ்வாய்ப் பக்கம் ஓடிப் போகல. 1825-ல மெட்ராஸ்ல நம்ம பஞ்சாங்கக் கணக்குகளைப் பத்தி நூல் போட்ட ஜான் வாரன், பாண்டிச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில சிப்பிகளை அடுக்கி, மனப்பாடத்துல இருந்தே சந்திர கிரகணம் கணக்குப் போட்டதைப் பதிவு பண்ணிருக்கார். ஒரு எண் கூட எழுதல அவர். அந்த வருஷம் மே 31 ராத்திரி நடந்த கிரகணத்துக்கு, ஆரம்பத்துல 4 நிமிஷம், நடுவுல 23 நிமிஷம், முடிவுல 52 நிமிஷம் பிசகு. இருநூறு வருஷம் கழிச்சு டர்பன்ல உக்காந்து அவரோட பிழையை நிமிஷக் கணக்குல என்னால படிக்க முடியுது. என் நீல வட்டத்தோட பிழை எங்கயும் எழுதப்படல, நான்தான் பெயின்ட் அடிச்சு மூடினேனே. ஒன்பது மார்க் ஏன் உறுத்துதுன்னு எனக்குப் பிடிபட்டது அங்கதான்.

எல்லாரும் கைக்கணக்கு போடணும், ரெடிமேட் புரோகிராம் லைப்ரரியெல்லாம் வேண்டாம்னு நான் சொல்ல வரல. இப்போ நானும் ரெடிமேடா இருக்கிறதைத்தான் கூப்பிடுறேன், வேலை நடக்கணுமே. ஆனா ஜூனியர்ஸ் யாராவது படத்தைக் காட்டினா முதல்ல கோட்டோட தடிமன் என்னன்னு பாக்கிறேன், அது ஒரு வியாதி மாதிரி ஆயிடுச்சு.

போன டிசம்பர்ல அப்பாவுக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன், டர்பன் சூரிய உதயத்தை வச்சு ராகுகாலம். பகலை எட்டாப் பிரிச்சா டிசம்பர் நடுவுல ஒரு பங்கே ஒண்ணே முக்கால் மணி நேரம், திங்கக்கிழமை ராகுகாலம் ஆறரைக்கெல்லாம் ஆரம்பிச்சு எட்டேகாலுக்கு முடிஞ்சிருது. அப்பா நம்பல. பேப்பர்ல போட்டிருந்த உதய நேரத்தை என்னோடதோட வச்சுப் பாத்துட்டு, "உன் சூரியன் நாலு நிமிஷம் லேட்டுல்ல?"ன்னார். பேப்பர் தப்பா இருக்கும்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. உக்காந்து பாத்தேன். நான் சூரியனோட மையம் அடிவானத்தைத் தொடுறதை உதயம்னு எடுத்திருந்தேன், பேப்பர் சூரியனோட மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியுறதை எடுக்குது, காத்து வெளிச்சத்தை வளைக்கிறதையும் சேத்து முக்கால் பாகைக்குக் கொஞ்சம் மேல, அதுக்கு இந்த ஊர்ல நாலு நிமிஷம். சொன்னேன். "அப்போ உன்னோடது தப்பா, இல்ல வேறயா?"ன்னு கேட்டார். வேறன்னு சொன்னேன். நோட்டுல என் எண்ணைப் பேனாவால எழுதிட்டு, பக்கத்துல பென்சிலால 4-ன்னு போட்டு வட்டம் போட்டார்.